ட்ரயலில் இடத்துக்காகக் காத்திருந்தது: உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

தூங்காத அப்பா

மகனுக்கு ரத்தப் புற்றுநோய், லுகேமியா, இரண்டாம் முறை திரும்பி வந்தபோது நடந்தது. லுகேமியாவில் இரண்டாம் முறை என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கையிலிருந்த மருந்தெல்லாம் தீர்ந்தபின் டாக்டர் ஒரு முதல் கட்ட ட்ரயலை, புது மருந்தை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதிக்கும் ஆராய்ச்சியை, சொன்னார். வேறு ஊர், வேறு மருத்துவமனை. போன் செய்தேன். அங்கிருந்த கோஆர்டினேட்டர் அம்மா நிதானமாகச் சொன்னார்: "இந்த டோஸில் மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள் சார். மூன்றாவது குழந்தை சேர்ந்து ஒன்பது நாள்தான் ஆகிறது. இருபத்தெட்டு நாளும் பெரிய பக்கவிளைவு இல்லாமல் தாண்டினால்தான் அடுத்த இடம் திறக்கும்."

ஆக, இன்னும் பத்தொன்பது நாள்.

அத்தனை நாளும் முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக வேண்டிக்கொண்டேன். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. அது நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டினேனா, அதற்கு ஒன்றும் ஆகாவிட்டால் எங்களுக்கு இடம் வரும் என்று வேண்டினேனா, இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கீமோ தேதிகளைக் குறிக்கிற காலண்டரில், மகனுடைய பிளேட்லெட் எண்ணுக்குக் கீழே, பென்சிலால் அந்தக் குழந்தையின் நாட்களை எழுதி வந்தேன். 10, 11, 12. மனைவி பார்த்துவிட்டு, "இது யாரோட கணக்கு?" என்றாள். எனக்கு வாய் வரவில்லை.

இடம் திறந்தது, சேர்ந்தோம். அதற்கப்புறம் நடந்ததைவிட அந்தப் பென்சில் எண்கள்தான் ராத்திரியில் முன்னால் வந்து நிற்கின்றன.

பேனாக்காரி

அண்ணா, நான் நீங்கள் போன் செய்த பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள். உங்கள் ஊரில் இல்லை, அதே வேலை. எங்களுக்கும் அந்தக் கணக்கு உண்டு, எக்செலில் இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு மறக்காதது ஒரு படம். பெற்றோர் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவம் தனி. கொஞ்சம் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு எளிய மொழியில், படம் போட்டு இன்னொரு படிவம் உண்டு. ஒன்பது வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் படத்தின் மேல் விரல் வைத்து, "இந்தப் பொண்ணுக்கு முடி இருக்கே? அப்போ இது அவளுக்குத்தான். நான் ஏன் கையெழுத்துப் போடணும்?" என்றாள். அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் படிவத்தை நாங்கள் ஏழெட்டுப் பேர் திருத்தியிருந்தோம், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

படத்தை அங்கேயே பேனாவால் மாற்ற அனுமதி இல்லை. ஒரு கோடு மாறினாலும் நெறிமுறைக் குழுவுக்குப் போய், புது பதிப்பு எண்ணோடு திரும்பி வர வேண்டும். வந்தது, ஐந்து வாரம் கழித்து. அவள் அதற்காகக் காத்திருக்கவில்லை. பழைய படிவத்தில், அந்த முடிக்கு நேர் கீழே, தன் பெயரை ரொம்பச் சின்னதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

நாலு சதவீதம்

படிவம், படம் எல்லாம் சரி. காசு எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பணத்தில் குழந்தைகளுக்குப் போவது 4 சதவீதம் என்கிறார்கள். நாலு! மிச்சமெல்லாம் பெரியவர்களுக்கு. உலகத்திலேயே அதிகம் செலவழிக்கும் இடத்தில் இந்த லட்சணம் என்றால் மற்ற இடங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான் என் தங்கை மகளின் போட்டோவோடு ஒரு நிதி அமைப்பின் அதிகாரியைப் பார்க்கப் போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். பேசிக்கொண்டே லேப்டாப்பில் வரைபடம் காட்ட மேசையில் இடம் பண்ணினார். போட்டோவைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மவுஸை வைத்துக்கொண்டார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். இருபது நிமிடமும் அவர் சொன்ன ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை, மவுஸ் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணக்கன்

அந்த 4 சதவீதக் கணக்கை எல்லோரும் சொல்கிறார்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். செல் எப்படிப் பிரிகிறது, மரபணு எப்படிக் கெடுகிறது என்ற அடிப்படை ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் குழந்தை, பெரியவர் என்று பெயர் எழுதியிருக்காது. அது அந்த 4-இல் சேராது. அங்கே புதிதாகக் கண்டறியப்படும் புற்றுநோய்களில் குழந்தைகளுடையது சுமார் 1 சதவீதம் என்பதையும் சொல்ல வேண்டும். பணம் போதும் என்று நான் சொல்லவில்லை. தப்பான எண்ணோடு போனால் அந்த அதிகாரி போட்டோவை மட்டுமா கவிழ்ப்பார், வாதத்தையும் சேர்த்துக் கவிழ்த்துவிடுவார்.

என் கதை சின்னது. ட்ரயல்களின் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. ஓர் அரிய கட்டிக்கான ட்ரயல், நான்கு வருடத்தில் சேர்ந்தது 11 பிள்ளைகள். போதாது என்று மூடினார்கள். மூடும் கடிதத்தில் "பயனின்மை காரணமாக அல்ல" என்ற வரியைச் சேர்த்தது நான்தான். மருந்து வேலை செய்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதனால் தேடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் தளத்தில் வயது வடிகட்டியில் குழந்தை என்று போடுங்கள், கூடவே ஆள் சேர்க்கும் நிலையில் இருப்பதை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூடிப்போனதையெல்லாம் படித்து மனம் நொந்துபோவீர்கள். பல நாடுகளின் பதிவேடுகளைச் சேர்த்துத் தேட உலக சுகாதார நிறுவனத்தின் தேடுதளம் இருக்கிறது. தகுதி விதிகளில் முதலில் கண் போக வேண்டியது கடைசி மருந்துக்கும் ட்ரயல் மருந்துக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி கேட்கிறார்கள் என்பதில். அது தெரியாமல் இங்கே இன்னொரு கீமோ ஏற்றிக்கொண்டு, அங்கே போய் வாசலில் நின்றவர்கள் இருக்கிறார்கள். கட்டியின் மாதிரியை யார் வைத்திருக்கிறார்கள், அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று இப்போதே கேட்டு வையுங்கள். பயணச் செலவு யாருடையது, பாதியில் விலகினால் பழைய டாக்டரிடம் திரும்பலாமா, முதல் கட்டமா மூன்றாம் கட்டமா. முதல் கட்டம் என்றால் பாதுகாப்பான டோஸ் எது என்று பார்ப்பதுதான் அவர்களின் முதல் கேள்வி, குணமாவது அதற்குப் பிறகு. தகுதி கிடைக்காவிட்டால், ட்ரயலுக்கு வெளியே கருணை அடிப்படையில் அந்த மருந்தைக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், ட்ரயலில் சேரவே லட்சக்கணக்கில் பணம் கட்டு என்று யாராவது சொன்னால், பையை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

நாலு சதவீதம்

1 சதவீதம் பேர் என்கிறீர்கள். ஐந்து வயதில் போனால் இழப்பது எத்தனை வருட வாழ்க்கை என்று உங்கள் புள்ளிவிவரத்தில் போட்டுப் பாருங்கள்.

தூங்காத அப்பா

கணக்கன் சார், நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். நான் வழி கேட்கவில்லை. எங்களுக்கு அந்தக் கட்டம் முடிந்துபோயிற்று.

ஒருத்தி

மகளுக்கு எலும்புக் கட்டி, நுரையீரலுக்குப் பரவியிருந்தது. சரியாக அந்தக் கட்டிக்கே ஒரு மருந்து, பெரியவர்களிடம் பரிசோதித்துக்கொண்டிருந்தார்கள். வயது 18-க்கு மேல். இவளுக்கு 18 ஆகப் பதினொரு வாரம் இருந்தது. அப்பாவைவிட உயரம், எடையும் பெரியவர்கள் எடை. மருந்துக்கு அவள் வயது எப்படித் தெரியும்?

அங்கிருந்த பெண் ரொம்பத் தயங்கி, "பிறந்தநாளுக்கு மறுநாள் கூப்பிடுங்கள்" என்றார். பதினேழு வருடமாக எந்த நாளைக் கொண்டாடினோமோ, அந்த நாள்வரை இவள் இருக்க வேண்டுமே என்று பயந்துகொண்டே காலத்தை ஓட்டினோம். மகளோ, "அம்மா, பர்த் சர்ட்டிபிகேட்ல ஒரு எழுத்தை மாத்திட்டா போதும்" என்று ஜோக் அடித்தாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், யாரைப் பிடித்தால் மாற்றலாம் என்று நான் நிஜமாகவே யோசித்தேன்.

2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே, பொருத்தமான இடங்களில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களைப் பெரியவர்களின் புற்றுநோய் ட்ரயல்களில் சேர்க்கலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2017-இல் ஒரு சட்டமும் போட்டார்கள்: பெரியவர்களுக்கான புற்றுநோய் மருந்து குறிவைக்கும் மூலக்கூறு குழந்தைகளின் புற்றுநோயிலும் இருந்தால், குழந்தைகளிடமும் ஆராய வேண்டும் என்று. 2020 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. எங்களுக்கு இதெல்லாம் பிந்தி வந்த தபால்.

பழைய நோயாளி

நான் சின்ன வயதில் லுகேமியா வந்து பிழைத்தவன், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். ட்ரயலில்தான் சிகிச்சை எடுத்தேன். யாருக்கு எந்தப் பிரிவு என்று கணினி முடிவு செய்யும். எனக்கு விழுந்தது வழக்கமான சிகிச்சைப் பிரிவு. அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதது நினைவிருக்கிறது. என் பிள்ளைக்குப் பழைய மருந்துதானா என்று. பக்கத்துக் கட்டில் பையனுக்குப் புதிய பிரிவு. அவன் அம்மா எங்களைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார். திரையின் வளையங்கள் கம்பியில் உரசிய சத்தம்தான் என் ஞாபகம்.

வளர்ந்தபின் அந்த ட்ரயலின் கட்டுரையைத் தேடிப் படித்தேன். இரண்டு பிரிவும் ஒன்றுதான். புதியதில் தொற்று அதிகம், வேறு வித்தியாசமில்லை. அந்த அம்மாவிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

இங்கே வேறொரு இழையில் ஒருவர், "பிள்ளையைச் சோதனை எலியாக்காதீர்கள்" என்று எழுதியிருந்தார், அவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1947-48-இல் பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் லுகேமியாவுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகம்தான், திரும்பி வந்தது. அந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்தது எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு, நம் பக்கத்து ஆந்திராக்காரர். 1960-களில்கூட இந்த நோயில் பத்துக்கு ஒரு பிள்ளைதான் பிழைத்தது. இன்று வசதியுள்ள நாடுகளில் பத்துக்கு ஒன்பது. இதற்காகப் பெரிய அதிசய மருந்து எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலும் அதே பழைய மருந்துகள். எதை எப்போது, எவ்வளவு, எதோடு சேர்த்து என்று ஒரு ட்ரயலுக்குப் பின் இன்னொரு ட்ரயலாக மாற்றி அடுக்கிப் பார்த்தார்கள். அடுக்கில் நானும் ஒரு செங்கல், பழைய பிரிவுச் செங்கல்.

பார்மசி நைட் ஷிப்ட்

புதிய மருந்து பற்றியே பேசுகிறோம். 2019 கடைசியில் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் என்ற பழைய கீமோ மருந்துக்கே தட்டுப்பாடு வந்தது. நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும், 1963-இலிருந்து இருக்கும் மருந்து. தயாரித்துவந்த ஒரு கம்பெனி விலகியது, மிஞ்சிய ஒன்றால் ஈடுகட்ட முடியவில்லை. குழந்தைகளின் ட்ரயல்கள் பலவும் இந்த மருந்தின் மேல்தான் நிற்கின்றன. நான் வேலை செய்யும் இடத்திலும் வேறொரு சமயம் இப்படி ஆனது. இரண்டு குப்பி, மூன்று சீட்டு. பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன், அது பீப் அடிக்க ஆரம்பித்தது. இதற்குமேல் எழுத வேண்டாம்.

பனிப்பெட்டி

மகளுக்கு மூளைத்தண்டில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்ய முடியாத இடம். நீல் ஆம்ஸ்ட்ராங்கின் குட்டி மகள் 1962-இல் இதே இடத்தில் வந்த கட்டியில்தான் போனாள். மனிதன் நிலாவுக்குப் போய் வந்து அரை நூற்றாண்டு ஆனபிறகும் எங்களுக்கு டாக்டர் முதலில் சொன்னது அவளுக்குக் கொடுத்த அதே கதிர்வீச்சைத்தான்.

மகள் போனபின் கட்டியை ஆராய்ச்சிக்குக் கொடுத்தோம். அவள் பெயரில் நடைப்பயணம் வைத்துப் பணமும் திரட்டினோம். ஒருநாள் ஆய்வகத்தைக் காட்டக் கூப்பிட்டார்கள். அந்தப் பணம் ஓர் இளம் ஆராய்ச்சியாளரின் பதினொரு மாதச் சம்பளம் என்று சொன்னார்கள். எனக்கு ஏமாற்றம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஏதோ மெஷின் வாங்கியிருப்பார்கள், அதன் மேல் அவள் பெயர் இருக்கும் என்று நினைத்துப் போயிருந்தேன்.

அந்த ஆராய்ச்சியாளர் பிள்ளை என்னை மைனஸ் 80 டிகிரி பெட்டியிடம் கூட்டிப்போய்த் திறந்தான். வெள்ளைப் புகை. சுண்டுவிரல் நுனி அளவு குழாய்கள், வரிசை வரிசையாக, பெயரில்லாமல் பட்டைக்கோடு மட்டும். எது அவளுடையது என்று அவனுக்கே தெரியாதாம், தெரியக்கூடாதாம். 2012-இல் இந்தக் கட்டியில் ஹிஸ்டோன் என்ற, டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதத்தின் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது எங்களைப் போன்றவர்கள் கொடுத்த மாதிரிகளையும் வைத்துத்தான் என்று விளக்கிக்கொண்டே இருந்தான். "சீக்கிரம் மூடுப்பா, சூடு ஏறிடும்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. தூங்குகிற பிள்ளை அறைக் கதவை மூடச் சொல்கிற மாதிரி வந்துவிட்டது.

தூங்காத அப்பா

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன்.

ட்ரயலில் சேர்ந்து பத்தொன்பதாம் நாள் என் மகனுக்கு ஈரல் எண்கள் தாறுமாறாக ஏறின. மருந்தை நிறுத்தினார்கள். பெரிய பக்கவிளைவு என்று பதிவானது. எங்களுக்குப் பின்னால் யாரோ ஓர் அப்பா காலண்டரில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார் இல்லையா? அவருடைய இடத்தை நாங்கள்தான் மூடினோம். பேனாக்காரி, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பேனாக்காரி

உங்கள் ட்ரயல் எனக்குத் தெரியாது அண்ணா, வழக்கமான முறையைச் சொல்கிறேன். மூன்று பேரில் ஒருவருக்கு அப்படி ஆனால் ட்ரயலை மூட மாட்டார்கள். இன்னும் மூன்று பேரை அதே டோஸில் சேர்ப்பார்கள். மூன்று பேருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தால்தான் அடுத்த மூவருக்கு டோஸ் கூடும். அதனால் உங்களுக்குப் பின்னால் இருந்தவருக்கு இடம் போயிருக்காது. மற்ற இருவரும் நன்றாக இருந்திருந்தால், கூடுதல் டோஸுக்குப் பதிலாக உங்கள் மகன் வாங்கிய அதே டோஸ் அவர் பிள்ளைக்குப் போயிருக்கும்.

தூங்காத அப்பா

அதே டோஸ்.

மனைவியிடம் போனைக் கொடுத்திருக்கிறேன். இன்னும் திருப்பித் தரவில்லை. இது அவள் போனிலிருந்து எழுதுகிறேன்.