செங்கல், மணல் கணக்குப் பிசகிய அனுபவம்: மலையகத்தில் வீடு கட்டியவர்கள் எழுதுங்கள்

ஹட்டன் மகள்:

அம்மாவின் சேமலாப நிதிப் பணம் கைக்கு வந்ததும் 7 பேர்ச்சஸ் காணியில் இரண்டு அறையும் குசினியும் எழுப்பத் தொடங்கினோம். கருங்கல் அத்திவாரம் முடிந்திருந்தது. நாலரை அங்குலச் சுவர், கதவு சன்னல் கழித்து 9 சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி). சதுரத்துக்கு 533 கல் என்று நான்தான் கணக்குப் போட்டேன். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 5,000 கல் சொல்லிவிட்டேன். எட்டரை நீளம், நாலு அகலம், இரண்டரை உயரம், அரை அங்குலச் சாந்து. அந்தக் கல்லை மனதில் வைத்துப் போட்ட கணக்கு அது.

கல் இறங்கிய அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் நாலு வரி ஏறியிருந்தது. அம்மா ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, இத அளந்து பாத்தீங்களா?" என்று மேசன் பாஸிடம் கேட்டார். பாஸ் டேப்பை இழுத்தார். எட்டு. நாலு. இரண்டு. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

எட்டுக்கு இரண்டு கல்லென்றால், சாந்தோடு எட்டரைக்கு இரண்டரை. சதுரத்துக்கு 678 வேண்டும். 9 சதுரத்துக்கு 6,100. உடைசல் வேறு. சன்னலுக்கு மேல் போனதும் கல் தீர்ந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தறப்பாள் போர்த்திய சுவரைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே ஒன்றரை மாதம் தோட்டத்து லயத்து அறையில் இருந்தோம். 31 வருசம் கொழுந்து பறித்த மனுஷி ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்ததுமே தெரிந்துகொண்டதை நான் கடதாசியில் கோட்டைவிட்டேன். இன்றைக்கும் அது மனதைப் போட்டு அறுக்கிறது.

ஊவா மேசன்:

தங்கச்சி, உங்கள் கணக்கில் பிழை இல்லை. முதல் நூறு கல் இறங்கும்போதே பத்துக் கல்லை வரிசையாக அடுக்கி அளந்து பார்ப்பது பாஸின் வேலை. ஒரு கல்லை அளந்தால் ஏமாறுவோம். ஒரே சூளையில் வெந்த கல்லிலேயே கால் அங்குலம் கூடக் குறைய இருக்கும். பத்தை அடுக்கி அளந்து பத்தால் பிரிக்க வேண்டும்.

எனக்கு நடந்தது வேறு. வெலிமடைப் பக்கம் ஒரு வீடு. நான்கு சுவரையும் சுற்றளவு தர உயரம் என்று பெருக்கிக் கல் எடுத்தேன். முகட்டுக்குக் கீழே வரும் இரண்டு முக்கோணத்தையும் விட்டுவிட்டேன். 20 அடி அகலம், 5 அடி எழுச்சி. ஒரு பக்கம் 50 சதுர அடி, இரண்டும் சேர்ந்தால் முழுசாக ஒரு சதுரம். கூரைக்காரர்கள் மரத்தை இறக்கிவிட்டு முற்றத்தில் நிற்கிறார்கள், என் கையில் பதினெட்டுக் கல். வீட்டுக்கார ஐயா ஒரு வார்த்தை ஏசவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். ஏசியிருந்தால் மறந்திருப்பேன்.

நானுஓயா தம்பி:

அக்கா சொன்ன நூற்றுக்கு ஐந்து எங்கள் பக்கம் காணாது. லொறி வாசலுக்கு வருகிற ஊருக்கு அது சரி. எங்களுக்கு றோட்டிலிருந்து கீழே 140 படி. 3,000 கல்லை றோட்டோரம் எண்ணி இறக்கினோம். மழை இருட்டிக்கொண்டு வர, லயத்துச் சனம் எல்லாம் படியில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி இறக்கினார்கள். பெரியம்மாவுக்கு வயது 60 தாண்டிவிட்டது. அவரும் நின்றார். நடுவில் ஒரு கல் அவர் கையை விட்டு நழுவி, படிப்படியாக உருண்டு, ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு உதிர்ந்து, தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. "ஐயோ, ஒங்க காசு" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அந்தக் குரல்தான் போக மாட்டேன் என்கிறது.

கீழே எண்ணியபோது முழுக்கல் 2,780. மலையில் கட்டுகிறவர்கள் நூற்றுக்குப் பத்துப் போடுங்கள்.

ஊவா மேசன்:

தம்பி, உடைந்த 220உம் வீண் என்று எழுதாதீர்கள். அரைக்கல் மூலைக்கும் சன்னல் ஓரத்துக்கும் எப்படியும் வேண்டும். அதற்காக நல்ல கல்லை நாங்களே வெட்டுகிறோம். அரைக்கல்லைத் தனியாக அடுக்கி வைத்தால் பாதிக்கு மேல் சுவருக்குள் போய்விடும். ஐந்தா பத்தா என்பது படியைப் பொறுத்தது இல்லை, சூளையைப் பொறுத்தது. நன்றாக வெந்த கல்லை ஒன்றோடொன்று தட்டினால் மணி மாதிரிச் சத்தம் வரும். அப்படிப்பட்ட கல் 140 படியும் தாங்கும்.

பண்டாரவளை அண்ணன்:

எல்லோரும் கல்லையே பேசுகிறீர்கள். எங்களுக்கு மாட்டியது மணல். 2022இல் சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தாண்டிய நேரம், 13 பை போதும் என்று எடுத்தது சுவர் முடியுமுன் தீர்ந்துவிட்டது. பாஸ் திருடவில்லை. ஆனால் நான் அவரைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் அன்றைக்கே கொத்துக்கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஏன் தீர்ந்தது என்று பிறகுதான் விளங்கியது. கட்டப்போகிறவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

ஈர மணல் உப்பும். மணிகளைச் சுற்றியிருக்கும் தண்ணீர் ஒன்றையொன்று தள்ளி வைக்கும். நம் ஊர்த் தூறலில் நனைந்து வரும் மணல் கால் பங்கு வரை உப்பியிருக்கலாம். ஒரு கியூப், அதாவது 100 கனஅடி, என்று இறக்குவதில் உண்மையில் இருப்பது 80. அது முதல் நட்டம். இரண்டாவது நட்டம் கலவையில். ஒன்றுக்கு ஐந்து என்று தாச்சியால் அளந்து போடுகிறோம், இல்லையா? அந்த ஐந்து தாச்சி உப்பின மணலில் நாலு தாச்சி மணல்தான் இருக்கிறது. கலவை ஒன்றுக்கு நாலாகிவிடுகிறது. சீமெந்து அப்படித்தான் போனது.

சோதிப்பது லேசு. நேரான போத்தலில் 6 அங்குலத்துக்கு மணலைப் போடுங்கள். மணல் மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அடைய விடுங்கள். முழுதாக மூழ்கிய மணல் காய்ந்த மணலின் அளவுக்கே வந்துவிடும். எவ்வளவு இறங்கியதோ அவ்வளவு உப்பல்.

அடுத்தது சாந்தின் கனம். எட்டரைக் கல், நாலரை என்று சொல்லும் நாலு அங்குலச் சுவர், அரை அங்குலச் சாந்து என்றால் சதுரத்துக்கு ஏறக்குறைய 7 கனஅடி சாந்து போகும். சிந்துவதையும் சேர்த்து ஒன்றுக்கு ஐந்தில் ஒன்றரைப் பை சீமெந்து, 9 கனஅடி காய்ந்த மணல். சாந்தை முக்கால் அங்குலம் வைத்தால் கல் 54 குறையும், சாந்து 10 கனஅடிக்கு ஏறிவிடும். கல்லை மிச்சம் பிடித்த சந்தோசத்தில் சீமெந்தைக் கரைக்கிறோம். கல் சின்னதானாலும் சாந்து கூடும். ஹட்டன் தங்கச்சியின் எட்டு அங்குலக் கல்லுக்கு 8 கனஅடிக்கு மேல் போயிருக்கும்.

சீமெந்தைப் பலகை மேல் அடுக்குங்கள், சுவரில் முட்டாமல். பனிமூட்டத்தில் ஒரு மாதம் கிடந்த பை ஓரம் கட்டிபிடித்துவிடும், அதுவும் கணக்கில் வராத நட்டம். கல்லைத் திறந்த வெளியில் மழைக்கு விடாதீர்கள். ஊறி நிறைந்த கல் சாந்தைப் பிடிக்காமல் வழுக்கும்.

அந்த பாஸ் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கொஸ்லாந்தைப் பக்கம்:

நீங்கள் எல்லோரும் சமதரையில் கட்டுகிற மாதிரிக் கணக்குச் சொல்கிறீர்கள். எங்கள் காணியில் வீட்டுக்குப் பின்னால் மண்வெட்டு 8 அடி. வீட்டுக் கல்லை எண்ணினோம், அந்த மண்ணைத் தாங்கும் அணைசுவரை எண்ணவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து அதிகாரி வந்து வெட்டைப் பார்த்துவிட்டு, கையை வைத்து மண்ணைத் தொட்டார். அவர் விரலைச் சுற்றித் தண்ணீர் கசிந்தது. எங்கள் அப்பா அதைப் பார்த்த பார்வை... 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தையில் மலை சரிந்து இறங்கியபோது புதைந்தவர்களைத் தேடி மண் தோண்டப் போனவர் அவர். அன்று இரவே சொன்னார், முன்னறை வேண்டாம், அந்தக் காசுக்குக் கருங்கல் எடு என்று. தண்ணீர் வடிய ஓட்டை விட்டுக் கட்டினோம். வீடு ஒரு அறை குறைவு.

ஹட்டன் மகள்:

பண்டாரவளை அண்ணா, பூச்சுக்கு இறக்கின மணலை நேற்றுப் போத்தலில் போட்டுப் பார்த்தோம். 6 அங்குலம் நாலே முக்காலுக்கு வந்துவிட்டது. அம்மா போத்தலை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "கொழுந்து ஈரமா இருந்தா தண்ணிக்குன்னு கிலோ கழிப்பாங்க. மணலுக்கு யாரு கழிக்கிறது?" என்றார்.

போத்தல் இப்போது குசினி சன்னலில் இருக்கிறது. மணல்காரர் அடுத்த லோடோடு சனிக்கிழமை வருகிறார். அவர் வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாதாம்.