கீப்பர் வெளிய வந்தானா, வரலையா?

பழைய_ஸ்டாப்பர் (குன்னூர்):
நேத்து ஒரு மேட்டுப்பாளையத்து நண்பர் எழுதியிருந்தார். ஞாயித்துக்கிழமை கோத்தகிரில நடந்த பதினாலு வயசுப் பசங்க ஃபுட்பால் மேட்ச்சு, கடைசி நிமிஷம், பதினொன்னாம் நம்பர் பையன் தானே அடிச்சிருந்தா கோலாம். பக்கத்துல தட்டிவிட்டுக் கெடுத்துட்டானாம். "மலைப் பசங்களுக்கு டக்குனு முடிவெடுக்க வராது"ன்னு கடைசில ஒரு குத்து வேற. படிச்சதுல இருந்து டீ தொண்டையில இறங்கல.

நான் கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி திட்டு மேல உட்கார்ந்து பார்த்தவன். நம்ம பசங்க ரெண்டு பேர், எதிர்ல கீப்பர் மட்டும். கீப்பர் நாலு எட்டு வெளிய வந்துட்டான். வந்தவன் மேல அடிச்சா அவன் நெஞ்சுல படும். பக்கத்துல இருக்கறவனுக்குத் தள்ளுறதுதான் ஆட்டம். பந்து சேத்துல நின்னுபோச்சுன்னா அதுக்கு மழையைத் திட்டுங்க, பையனைத் திட்டாதீங்க.

சமவெளிச்_சிங்கம் (மேட்டுப்பாளையம்):
கீப்பர் வரல சார். லைன்லயே நின்னான். நாலு எட்டுன்னு டேப் வெச்சு அளந்தீங்களா? எங்க பசங்க தினம் டூ டச் ஆடுறாங்க. மூணாவது தடவை தொட்டா பந்து எதிர் டீமுக்கு. அதனால பந்து காலுக்கு வர்றதுக்கு முன்னாடியே தலையைத் தூக்கிப் பார்த்து வெச்சிருப்பான். உங்க பையன் பந்தையே பார்த்துக்கிட்டு ஓடினான்.

பழைய_ஸ்டாப்பர்:
டூ டச்சைக் கண்டுபிடிச்சதே நீங்கதான் போல. வட்டமா அஞ்சு பேரு, நடுவுல ரெண்டு பேரு, பந்தைப் பறிகொடுத்தவன் நடுவுக்குப் போகணும். இதை நாங்க 1987ல வெறுங்காலோட ஆடினோம். மிஸ்ட் இறங்கிட்டா பத்தடி தள்ளி நிக்கிறவன் தெரிய மாட்டான். "மேன் ஆன்"னா எதிராளி உன்மேல வர்றான், "டைம்"னா அவசரமில்ல, அப்புறம் "திரும்பு". இந்த மூணு சத்தத்தைக் காதுல வாங்கியே முடிவெடுத்தோம். உங்க ஊரு வெயில்ல எல்லாம் பளிச்சுனு தெரியும், அதுல என்ன சாமர்த்தியம்?

இன்னொண்ணும் கேட்டுக்கங்க. ரெண்டுக்கு ஒண்ணுன்னு வந்தா பாஸா, அடியாங்கறது கேள்வியே இல்ல, எப்பங்கறதுதான் கேள்வி. பந்தோட ஓடி கீப்பரை இழுக்கணும். அவன் உடம்பு ஒரு பக்கமாச் சாயறப்போ தள்ளணும். முன்னாடியே தள்ளினா அவன் திரும்பிடுவான், கொஞ்சம் தாமதிச்சா அவன் கால்ல படும். நடுவுல இருக்கறது ஒரு செகண்ட் கூட இல்ல. பதினாலு வயசுல அதைச் சரியா செஞ்சான் ஒருத்தன். கீப்பர் வெளிய வந்தான்.

கேத்தி_டீச்சர்:
குழுவா ஆடுறதுன்னா பாஸ் கொடுக்கறது மட்டும்தானா? பந்து இல்லாதவன் ஓடி இடம் உண்டாக்குறதும் அதுல வராதா? பதினொரு பேர் ஆடுனா ஒருத்தன் காலுக்குப் பந்து எப்பவாவதுதான் வருது. நாலுக்கு நாலு ஆடவிட்டா ஒவ்வொருத்தனும் நிமிஷத்துக்கு நிமிஷம் முடிவெடுத்தாகணும். முதல்ல எதைச் சொல்றோம்னு தெளிவு பண்ணிட்டு...

சமவெளிச்_சிங்கம்:
டீச்சர், அது அப்புறம். கீப்பர் லைன்ல நின்னான்.

விசில்_மாமா (அரவங்காடு):
ரெண்டு பேரும் சும்மா இருங்க. அந்த ரெண்டாவது பையன் ஆஃப்சைடு, பாஸ் போறப்பவே பந்தைத் தாண்டி முன்னாடி நின்னான். கோல் போயிருந்தாலும் செல்லாது.

பழைய_ஸ்டாப்பர்:
மாமா, பந்துக்கு நேராவோ பின்னாடியோ இருந்தா ஆஃப்சைடே கிடையாது. நீங்க விசில் ஊதின காலத்துலயும் கிடையாது. 2009ல எங்களுக்குக் கொடுக்காத பெனால்டியை நான் இன்னும் மறக்கல.

விசில்_மாமா:
அது கையில படல. தோள்ல பட்டது.

கொடைக்கானல்_காத்து:
ஊட்டி 2,240 மீட்டர் உயரம். 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். காத்து லேசு, பந்து வேகமாப் பறக்கும், கீழ இருந்து வர்றவங்களுக்குக் கடைசிப் பத்து நிமிஷம் மூச்சு முட்டும், முடிவும் தப்பும். எங்க ஊர்லயும் அப்படித்தான்.

சமவெளிச்_சிங்கம்:
மேட்ச் நடந்தது கோத்தகிரில. ஊட்டி உயரத்தை எதுக்கு இழுக்கறீங்க? தப்பு பண்ணினதும் மலைப் பையன், கீழ இருந்து வந்தவன் இல்ல.

பழைய_ஸ்டாப்பர்:
தப்பு பண்ணல. கொடைக்கானல்காரரே, உங்க ஊரு இளவரசி, எங்க ஊட்டி ராணி. உதவிக்கு நன்றி, தேவைப்படல.

கொடைக்கானல்_காத்து:
ராணிக்கு வயசாயிடுச்சு அண்ணா.

பதினொன்னு_அம்மா:
அந்தப் பையன் என் பையன். பந்து அவன் கால்ல இருந்தப்போ ஒருத்தர் "அடி"ங்கறார், ஒருத்தர் "பாஸ், பாஸ்"ங்கறார், குடையோட நின்ன ஒரு தாத்தா "கார்னர் பக்கம் கொண்டு போ"ங்கறார். வீட்டுக்கு வந்து கேக்கறான், "அம்மா, நான் யார் சொன்னதைக் கேட்டிருக்கணும்?" என்ன பதில் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. "பாஸ்"னு கத்தினவர் போஸ்ட்டுக்குப் பின்னாடி திட்டு மேலதான் உட்கார்ந்திருந்தார்.

சமவெளிச்_சிங்கம்:
ஆகா! பையன் எடுத்த முடிவுன்னு இவ்வளவு நேரம் பாராட்டினது இதைத்தானா சார்?

பழைய_ஸ்டாப்பர்:
கத்தினேன்ம்மா. இல்லைங்கல. ஆனா கீப்பர் வந்ததைப் பார்த்துத்தானே கத்தினேன்? வராத கீப்பருக்கு எவனாவது "பாஸ்"னு கத்துவானா? இதுவே சாட்சி.

கேத்தி_டீச்சர்:
நான் அந்தப் பசங்களுக்குப் பிராக்டீஸ் பார்த்துக்கறப்போ லைனுக்கு வெளிய இருக்கற யாரும் வாய் திறக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன். முதல் வாரம் பசங்க திருதிருன்னு முழிச்சாங்க. மூணாவது வாரம் அவங்களே ஒருத்தருக்கொருத்தர் கூப்பிட ஆரம்பிச்சாங்க.

பழைய_ஸ்டாப்பர்:
டீச்சர், முப்பது வருஷமா லைன்ல நின்னு கத்துறவன் நான். வாயைக் கட்டிட்டு உட்காரச் சொன்னா மைதானத்துக்கு எதுக்கு வரணும்? வர்ற ஞாயிறு அதே போஸ்ட்டுல சுண்ணாம்பு போட்டு நாலு எட்டு நடந்து காட்டறேன். சிங்கத்தை மலையேறி வரச் சொல்லுங்க.

சமவெளிச்_சிங்கம்:
வரேன். நடக்கப்போறது யாரு, நீங்களா அந்தக் கீப்பர் பையனா? உங்க எட்டும் அவன் எட்டும் ஒண்ணா?

பழைய_ஸ்டாப்பர்:
கீப்பர் வெளிய வந்தான்.

விசில்_மாமா:
ஆஃப்சைடு.