எல்லா உலாவிகளுக்கும் ஒரே எஞ்சின் போதாதா?

நிரலோடி:
ஆப்பிளின் உலாவியான சஃபாரிக்கென்று தனியே சிஎஸ்எஸ் (இணையப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) எழுதி அலுத்துவிட்டது. பெட்டிகளை வரிசையாக அடுக்கும் பிளெக்ஸ்பாக்ஸில் அவற்றுக்கு நடுவே இடைவெளி விடும் ‘கேப்’ ஃபயர்பாக்ஸில் 2018இல் வந்தது, குரோமில் 2020இல், சஃபாரியில் 2021இல்தான். ஓபராவும் எட்ஜும் எப்போதோ குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டன. மிச்சமிருக்கும் ஃபயர்பாக்ஸும் சஃபாரியும், பக்கத்தை வரைந்து காட்டும் தம் எஞ்சினை விட்டு மாறினால் நம் வேலை பாதியாகும்.

பழையகணினி:
உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது ஐயா. கேப்பை முதலில் கொடுத்தது ஃபயர்பாக்ஸ்! போட்டி இல்லாத காலத்தையும் பார்த்தாயிற்று. மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001இல், அடுத்த பதிப்பு 2006இல். அதுவரை ஒளி ஊடுருவும் பிஎன்ஜி படமெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டு நின்றது. அதை மறைக்க ஃபில்டர் என்ற ஒட்டுவேலையை எழுதியவர்களைக் கேளுங்கள்.

நிரலோடி:
அது பூட்டிய நிரல். குரோமியம் திறமூலம். பிடிக்காதவர் பிரித்துக்கொண்டு போகலாம். கூகுளே 2013இல் சஃபாரியின் எஞ்சினான வெப்கிட்டிலிருந்து அப்படித்தான் குரோமியத்தின் எஞ்சினான பிளிங்கைப் பிரித்தது.

பழையகணினி:
பிரிக்கலாம், பராமரிப்பது யார்? மைக்ரோசாஃப்டே தன் எஞ்சினைக் கைவிட்டுவிட்டது.

ஓரத்திண்ணை:
இருவரும் அப்டேட்டை மறந்துவிட்டீர்கள். குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. ஐபோனில் சஃபாரி வருவது அதன் இயங்குதளமான ஐஓஎஸ்ஸோடு. பழைய கைபேசிக்கு அது நின்றால் உலாவியும் அங்கேயே நிற்கிறது. குரோமை நிறுவினாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான், ஆப்பிளின் விதி அப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024இல் தளர்த்தினார்கள், பிறகு ஜப்பானிலும். இதில் வேடிக்கை, ‘கேப் தெரியுமா’ என்று, உலாவியைச் சோதிக்கும் சிஎஸ்எஸ்ஸின் சப்போர்ட்ஸ் கட்டளையை வைத்துக் கேட்டால், கட்டங்களாக அடுக்கும் கிரிட்டில் தெரிந்ததை வைத்துக்கொண்டு பழைய சஃபாரி ‘தெரியும்’ என்று கூசாமல் சொல்லும். நான் இன்னும் கேப்பை நம்பாமல் மார்ஜினால்தான் இடைவெளி வைக்கிறேன்.

நிரலோடி:
ஆப்பிள் அந்த வெப்கிட் விதியை எடுக்கட்டும் என்றுதானே நானும் சொல்கிறேன்.

பழையகணினி:
எடுத்தால் வெப்கிட்டில் சோதித்துப் பார்க்க எவரும் மெனக்கெட மாட்டார்கள். 2012இல் ஓபரா, வெப்கிட்டுக்கென்று சிஎஸ்எஸ் பெயர்களுக்கு முன்னே எழுதும் முன்னொட்டுகளைத் தானே ஏற்கத் தொடங்கியது ஏன்? தளங்கள் வேறு எதையும் எழுதவில்லை. மறு ஆண்டே தன் எஞ்சினை விட்டு விலகுவதாக அறிவித்தது.

நிரலோடி:
ஓபரா கதையைச் சொன்னால் என் வாடிக்கையாளர் கூடுதல் பணம் தரமாட்டார். இனி சஃபாரி வேலைக்குத் தனிக் கட்டணம் போடப்போகிறேன்.

பழையகணினி:
தாராளமாகப் போடுங்கள். ஃபயர்பாக்ஸுக்கும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.