காலாண்டு லீவுக்கு முதுமலை: எங்க வீட்டு குரூப்பில் பேசினது

குழு: கோபி வீடு

செவ்வாய், இரவு 8.10

சரவணன்: அக்கா, யாழினிக்கு காலாண்டுப் பரீட்சை இந்த வெள்ளிக்கிழமை முடியுது. முதுமலை போலாம்னு ஒரே பிடிவாதம். கம்பெனியில ரெண்டு நாள் லீவு சொல்லீட்டேன். அம்மாவையும் கூட்டீட்டுப் போலாமா?

தேவி: அம்மா பக்கத்துலதான் உக்காந்திருக்குது. முட்டி வலியோட எப்படி வர்றதுன்னு கேக்குது. ஆனா மூஞ்சியப் பாத்தா வர்ற மாதிரிதான் தெரியுது.

பழனிச்சாமி: நம்ம வண்டியிலயே ஏழு பேரும் அடங்கீரலாம் மாப்ள. ரெண்டு வண்டி வேண்டாம்.

நந்தினி: அப்பா சொல்றது சரி. 2024 மே மாசத்துல இருந்து நீலகிரிக்கு இ-பாஸ் இல்லாம வண்டி உள்ள போகாது. ஒரு வண்டின்னா ஒரே பாஸ். நான் போட்டுர்றேன். ஆர்சி புக் போட்டோ மட்டும் அனுப்புங்கப்பா. இன்னொண்ணு, சனி ஞாயிறு வேண்டாம். திங்கக்கிழமை போயிட்டு செவ்வாய் திரும்பலாம். லீவு நாள்ல கூட்டம் தாங்காது.

ரேவதி: எந்த வழியா போறோம் நந்தினி? மேட்டுப்பாளையம் ஏறி ஊட்டி வழியாத்தானே? எனக்கு மலை ஏறுனாலே வாந்தி வரும் கண்ணு.

சரவணன்: திம்பம் ஏறி மைசூர் பக்கமா போலாம். காராப்பள்ளத்துல கரும்பு லாரிய யானை மறிச்சு நிக்குமாம். யாழினி பாக்கட்டும்.

பழனிச்சாமி: திம்பத்துல 27 கொண்டை ஊசி இருக்குது மாப்ள. ஒரு லாரி வளைவுல சிக்குச்சுன்னா அன்னைக்கு முழுக்க அங்கதான்.

நந்தினி: அப்பா, ரெண்டையும் நல்லா யோசிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ஊட்டி வழியில போனா குன்னூர் ஏத்தம், அப்பறம் ஊட்டியில 2,200 மீட்டருக்கு மேல குளிரு, அப்பறம் நடுவட்டத்துல இருந்து கூடலூர் வரைக்கும் எறக்கம். ஏறி எறங்கியே ரேவதி அத்தையும் அம்மிச்சியும் ஓஞ்சு போயிருவாங்க. திம்பத்துல ஒரே தடவைதான் ஏத்தம். மேல போயிட்டா ஆசனூர், சாம்ராஜ் நகர், குண்டல்பேட் வரைக்கும் பெருசா ஏத்தம் எறக்கம் கிடையாது. அங்கிருந்து பந்திப்பூர் காட்டுக்குள்ள புகுந்து, முதுமலையில யானை முகாம் இருக்கற தெப்பக்காடு. போறப்ப திம்பம் வழி, வர்றப்ப வேணும்னா ஊட்டி வழி.

ரேவதி: ஒரே தடவை ஏத்தம்னா நான் சமாளிச்சுக்குவேன்.

தேவி: பண்ணாரி ஆத்தா வாசல் வழியாத்தானே போகோணும்? அம்மாகிட்ட அதச் சொன்னேன். இப்ப முட்டி வலி பத்திப் பேச்சையே காணோம்.

பழனிச்சாமி: அப்பச் சரி, திம்பம். விடியக்காலம் மூணு மணிக்குக் கெளம்பீரலாம். ரோடு காலியா இருக்கும்.

நந்தினி: முடியாதுப்பா. ராத்திரி பண்ணாரி செக்போஸ்ட்டை அடைச்சிருவாங்க. காலைல 6 மணிக்குத்தான் காரை விடுவாங்க. பந்திப்பூர் ரோடும் அப்படித்தான், 2009-ல இருந்து ராத்திரி 9 மணியில இருந்து காலைல 6 வரைக்கும் மூடீருவாங்க. நம்ம நேரத்துக்குத் திட்டம் போட்டா காடு ஒத்துக்காது. கேட் திறக்கற நேரத்த வெச்சுத்தான் எல்லாத்தையும் போடோணும். அஞ்சு மணிக்கு இங்க கெளம்பி, கோயில்ல கும்பிட்டுட்டு, ஆறரைக்கு மலை ஏறுனா மத்தியானச் சாப்பாட்டுக்கு தெப்பக்காடு.

சரவணன்: படிச்ச புள்ள சொல்றா. மச்சான், நீங்க ஒண்ணும் பேசாதீங்க.

புதன், மாலை 6.40

பழனிச்சாமி: மசினகுடியில நம்ம சிநேகிதருக்குத் தெரிஞ்ச ரிசார்ட் இருக்குதாம். ரூம் குறைச்சலா தர்றாங்களாம். ராத்திரி ஜீப்புல காட்டுக்குள்ள கூட்டீட்டுப் போயி லைட் அடிச்சு காட்டெருமை, யானை எல்லாம் காட்டுவாங்களாம். சொல்லீரட்டுமா?

யாழினி (அம்மா போன்ல): ஐ!! ராத்திரி சஃபாரி!! சொல்லுங்க மாமா!!

நந்தினி: அப்பா, தயவு செஞ்சு வேண்டாம். ராத்திரி சஃபாரிக்கு வனத்துறை யாருக்கும் அனுமதி குடுக்கறதில்ல. மாட்டுனா கேஸ்தான், வண்டியையும் பிடிச்சு வெச்சுக்குவாங்க.

பழனிச்சாமி: எல்லாரும் போறாங்கன்னு சொன்னாரே கண்ணு.

நந்தினி: போறாங்கப்பா, அதுதான் வருத்தம். மசினகுடி இருக்கற சீகூர் பக்கம் பூரா யானை வழித்தடம். மேற்குத் தொடர்ச்சி மலையில இருந்து சத்தியமங்கலம் காட்டுக்குப் போக வர அதுகளுக்கு இருக்கற வழி ரொம்பக் குறுகல். அந்த வழித்தடம் செல்லும்னு 2020 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லீருச்சு. பகல்ல ரோடு, வண்டி, ஆளுங்கன்னு அதுக ஒதுங்கி நிக்குதுக. நடக்கறதுக்கு மிஞ்சுனது ராத்திரி மட்டும்தான். அப்பவும் போயி கண்ணுல லைட் அடிச்சா அதுக எங்கதான் போகும்? 2021 ஜனவரியில இதே மசினகுடியில வீட்டுப் பக்கம் வந்த யானை மேல எரியிற டயரை வீசுனாங்களே, ஞாபகம் இருக்குதா? காது வெந்து, சீழ் புடிச்சு செத்தே போச்சு. எங்க கிளாஸ்ல அந்த வீடியோவ யாராலும் முழுசாப் பாக்க முடியல.

தேவி: ஆமா, நானும் பாத்தேன். அந்தப் பக்கமே வேண்டாங்க.

பழனிச்சாமி: சரி சாமி. வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லீட்டேன்.

நந்தினி: தேங்க்ஸ்ப்பா. வனத்துறை தங்கும் விடுதிக்கு ஆன்லைன்லயே புக் பண்ணலாம். தெப்பக்காட்டுலயே ரெண்டு ரூம் காலியா இருக்குது. ரூமுக்கு வெளிய மான் மேயும், யானை முகாம் நடந்து போற தூரம். இப்பவே போட்டுர்றேன். யாழினி, செவ்வாய்க்கிழமை காலைல வனத்துறை வண்டியில சஃபாரி போறோம், சரியா?

யாழினி (அம்மா போன்ல): சரிக்கா. புலி வருமா?

நந்தினி: வந்தா நம்ம அதிர்ஷ்டம் தங்கம். புலியவே தேடீட்டு இருந்தா மத்ததெல்லாம் கண்ணுல படாமப் போயிரும். செந்நாய்க் கூட்டம் பாத்திருக்கறயா? ஒண்ணுக்கொண்ணு விசில் அடிச்ச மாதிரி கூப்புட்டுக்கும். புள்ளிமான் திடீர்னு வாலைத் தூக்கிட்டு கத்துச்சுன்னா பக்கத்துல ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். அத நீதான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்.

யாழினி (அம்மா போன்ல): ஆஸ்கர் வாங்குன படத்துல வந்த ரகு யானை இருக்குமா?

நந்தினி: தெப்பக்காடு முகாம் யானைதான் ரகு. ஆனா எல்லா யானையும் எல்லா நாளும் சோத்துக்கு முன்னால வந்து நிக்காது. ராத்திரி காட்டுக்குள்ள மேய விட்டுருவாங்க. காலைல காவடி தடம் பாத்துப் போயிக் கூட்டீட்டு வருவாரு.

யாழினி (அம்மா போன்ல): காவடின்னா?

நந்தினி: பாகனுக்கு உதவியா இருக்கறவங்க. ரகுவ வளர்த்த பெள்ளி அம்மாவ 2023-ல அரசாங்கமே காவடியா வேலையில போட்டுச்சு. அங்க வேலை பாக்கற பாகன், காவடி நெறையப் பேரு குறும்பரு, காட்டுநாயக்கர். தாத்தா அப்பான்னு பரம்பரையா யானைகூடவே வாழ்ந்தவங்க.

தேவி: சோறு குடுக்கறத அம்மா பக்கத்துல இருந்து பாக்க முடியுமா நந்தினி? அதத்தான் திரும்பத் திரும்பக் கேக்குது.

நந்தினி: முடியும்மா. சாயங்காலம் அஞ்சரைக்கு. காலேஜ்ல இருந்து போனப்பப் பாத்தேன். ராகியையும் கொள்ளையும் களி கிண்டி, கட்டி கட்டியா வெட்டி மேடை மேல வெச்சிருப்பாங்க. எந்த யானைக்கு எவ்வளவுன்னு போர்டுலயே எழுதியிருக்கும். பாகன் அதப் பிசைஞ்சு, வெல்லம், உப்பு, தேங்காய் சேத்து, நம்ம ரெண்டு கையிலயும் ஏந்தற அளவுக்கு உருண்டை பிடிப்பாரு. யானை தும்பிக்கையத் தூக்கி வாயத் திறந்துட்டு நிக்கும், அவரு கைய உள்ளயே விட்டு வெப்பாரு. மாத்திரை குடுக்கோணும்னாலும் அதுக்குள்ளதான். கையில வெல்லத் தண்ணி வழியும், அதையும் நக்கீட்டுத்தான் விடும்.

அம்மிச்சி (தேவி போன்ல, குரல் பதிவு): ராகிக்களியா? நாங்க சின்னதுல தின்னதுதானே கண்ணு. நான் வர்றேன். எப்படியும் வர்றேன்.

வெள்ளி, இரவு 9.05

ரேவதி: நங்கையா, கட்டுச்சோறு நான் பண்ணீட்டு வந்துர்றேன். புளிசோறு, தயிர்சோறு, முறுக்கு. வேற என்ன வேணும்?

தேவி: தொட்டுக்க தொவையல் நான் அரைக்கறேன்.

நந்தினி: அத்தை, கட்டுச்சோத்த தூக்குப்போசியில போடுங்க, வாழை இலையில கட்டுங்க. பிளாஸ்டிக் கவர் ஒண்ணுகூட வேண்டாம். தண்ணி பாட்டிலும் வாங்காதீங்க, ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். கர்நாடகா எல்லையில இருக்கற கக்கநல்லா செக்போஸ்ட்ல பையப் பிரிச்சே பாப்பாங்க. மான் உப்பு ருசிக்காக கவரோட சேத்து தின்னு வயிறு அடைச்சுச் செத்துப் போகுது. எல்லாம் துணிப்பையிலதான்.

ரேவதி: சரி கண்ணு. துணி எந்தக் கலர்?

நந்தினி: பளிச்சுன்னு செவப்பு, மஞ்சள் வேண்டாம். பச்சை, காக்கி, மங்கல் கலர் எதுன்னாலும் சரி. சென்ட் அடிக்க வேண்டாம். ஸ்வெட்டர் கட்டாயம். வாந்தி மாத்திரைய பண்ணாரியில மலை ஏறறதுக்கு அரை மணி நேரம் முன்னாலயே போட்டுருங்க. அம்மா, அம்மிச்சியோட பிரஷர் மாத்திரைய மூணு நாளைக்கு எடுத்து உங்க கைப்பையிலயே வெச்சுக்கோங்க, பெட்டிக்குள்ள வேண்டாம்.

பழனிச்சாமி: வண்டிய இன்னைக்கு ஒர்க்‌ஷாப்புல விட்டு எடுத்தேன். முன் பிரேக் பேட் தேஞ்சிருந்துச்சு, மாத்தியாச்சு. கூலன்ட் ஊத்தியாச்சு. ஸ்டெப்னியில காத்து கம்மியா இருந்துச்சு, அதையும் பிடிச்சுட்டேன். டீசல் சத்தியிலயே ரொப்பிக்கலாம்.

சரவணன்: திம்பத்துல நீங்க ஓட்டுங்க மச்சான். வர்றப்ப ஊட்டி எறக்கத்துல நான் ஓட்டறேன்.

பழனிச்சாமி: ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க மாப்ள. எந்த கியர்ல ஏறுவமோ அதே கியர்லதான் எறங்கோணும். பிரேக்கையே மிதிச்சுட்டு எறங்குனா சூடேறிப் பிடிக்காமப் போயிரும். கீழ இருந்து ஏறி வர்ற வண்டிக்கு நாமதான் நின்னு வழி விடோணும்.

நந்தினி: மாமா, மசினகுடியில இருந்து கல்லட்டி வழியா ஊட்டிக்குக் குறுக்கு வழின்னு மேப் காட்டும். 36 கொண்டை ஊசி, நெம்பச் செங்குத்து. வெளியூர் வண்டிய ஊட்டியில இருந்து அதுல எறங்கவே விடறதில்ல. ஏறுறதுக்கும் அம்மிச்சிய வெச்சுட்டு அந்தப் பக்கம் வேண்டாம். கூடலூர் வழியாவே போலாம்.

சரவணன்: சரி. ரோட்டுல யானை வந்துருச்சுன்னா?

நந்தினி: தூரத்துலயே நிறுத்தீருங்க. இஞ்சினை ஆஃப் பண்ண வேண்டாம், ஆரன் வேண்டாம், லைட் அடிக்க வேண்டாம். கண்ணாடிய ஏத்தி வெச்சுட்டு அமைதியா இருங்க. கிட்ட வந்தா மெதுவா பின்னால எடுங்க. அதுவா போற வரைக்கும் காத்திருக்கோணும். 2025 ஆகஸ்ட்ல பந்திப்பூர் ரோட்டுல ஒருத்தரு யானைகிட்ட செல்ஃபி எடுக்கப் போயி மிதி வாங்குனாரு. உசுரு பொழச்சதே பெரிசு. காட்டுக்குள்ள யாரும் எதுக்கும் எறங்கக் கூடாது. பாத்ரூம் போறவங்க குண்டல்பேட்லயே போயிக்கோங்க. யாழினி, குரங்குக்கு முறுக்குப் போடக் கூடாது.

யாழினி (அம்மா போன்ல): பாவம்க்கா, ஒண்ணே ஒண்ணு?

நந்தினி: ஒண்ணு போட்டாலும் அடுத்த வண்டிக்காக ரோட்டுலயே உக்காந்திருக்கும் தங்கம். அப்படித்தான் அடிபட்டுச் சாகுது.

யாழினி (அம்மா போன்ல): சரி. போட மாட்டேன்.

ஞாயிறு, மாலை 7.15

நந்தினி: இ-பாஸ், ரூம் ரசீது, சஃபாரி விவரம் மூணையும் பிரின்ட் எடுத்து அப்பா லைசென்ஸ் கூட வெச்சுட்டேன். உள்ள சிக்னல் சரியா எடுக்காது, அதனால இன்னைக்கே எல்லாரும் மேப்ப போன்ல இறக்கி வெச்சுக்கோங்க. ஆபீஸ்ல, வீட்டுல சொல்ல வேண்டியவங்களுக்கும் இப்பவே சொல்லீருங்க.

ரேவதி: நாங்க கெளம்பியாச்சு. குன்னத்தூர் தாண்டீட்டோம். புளிசோறு மடியிலயே இருக்குது.

தேவி: வாங்க வாங்க. ராத்திரிக்கு இட்லி ஊத்தீட்டு இருக்கறேன். தின்னுட்டு ஒம்பது மணிக்கெல்லாம் எல்லாரும் படுத்துரோணும். அம்மா இப்பவே குளிச்சு, நாளைக்குக் கட்டற சேலைய எடுத்து வெச்சாச்சு.

சரவணன்: என்ன கலருக்கா?

தேவி: பச்சை. நந்தினி சொன்னாளாம்.