ஃபிரிட்ஜ் கதவு ரப்பரை நாமே மாற்றலாமா, மெக்கானிக்தான் வரவேண்டுமா?

வைகைக்கரை
எங்கள் ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு, 190 லிட்டர். வாங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. கைப்பிடிப் பக்கத்துக் கீழ் மூலையில் கதவு ரப்பர் நாலு விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பத்தே நாளில் ஃப்ரீசரில் ஐஸ் மண்டி, உள்ளே இருக்கும் சின்னக் கதவைத் திறக்க முடியவில்லை. சாயங்காலம் வைத்த பால் மறுநாள் காலையில் காய்ச்சும்போது திரிகிறது. ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ரப்பர், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய் என்றார். இன்னொருவர் வந்து பார்க்கவே இல்லை, "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று போனிலேயே முடித்துவிட்டார். உதிரிபாகக் கடையில் ரப்பர் மட்டும் 750 ரூபாய். நானே மாற்றிவிடலாம் என்று இருக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

குளிர்பெட்டி மெக்கானிக்
வேண்டாம் என்றுதான் சொல்வேன் அக்கா. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை செய்கிறேன். கூலி போய்விடுமே என்று சொல்லவில்லை. ரப்பர் மாற்றியும் சரியாகவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளுக்குப் போனால், பல இடங்களில் குற்றம் ரப்பரில் இருப்பதே இல்லை. கீழ்க் கீலில் ஒரு சின்ன பிளாஸ்டிக் புஷ் (கீலின் முளை சுழலுகிற வளையம்) இருக்கும். கதவில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்களாக அடுக்கி அடுக்கி அது தேய்ந்துபோகும். கதவு கைப்பிடிப் பக்கம் இறங்கும். கீழ் மூலை உரசி உரசிக் கிழியும். உங்களுக்குக் கிழிந்திருப்பதும் அதே மூலைதான். புஷ்ஷைப் பார்க்காமல் புது ரப்பர் போட்டால் அதுவும் அங்கேயே கிழியும்.

இன்னொன்று. ரப்பரில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கதவைச் சுற்றி இருக்கும் பள்ளத்தில் அம்பு முனை மாதிரி அழுத்தி மாட்டுவது. இன்னொன்று, உள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு இறுக்குவது. இரண்டாவது வகையில் எல்லா ஸ்க்ரூவையும் ஒரேயடியாகக் கழற்றினால் கதவு முறுக்கிக்கொள்ளும். கோணலாக இறுக்கிவிட்டால் எந்த ரப்பர் போட்டாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டே நிற்கும். உள் பிளாஸ்டிக் விரிசல் விட்டால் கதவையே மாற்ற வேண்டியதுதான். 1,150 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அந்த நிலைமை வேண்டாம்.

மாடிவீட்டுக்காரி
மெக்கானிக் அண்ணா சொன்ன விஷயங்கள் அத்தனையும் சரி. ஆனால் அதிலிருந்து "வேண்டாம்" என்ற முடிவு எப்படி வருகிறது என்றுதான் எனக்குப் புரியவில்லை. புஷ்ஷைப் பார், ரப்பர் எந்த வகை என்று பார், கதவு முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள். இவை சொல்லிக் கொடுத்தால் செய்யக்கூடியவைதானே?

போன வருஷம் நானே மாற்றினேன். முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் பத்து ரூபாய் நோட்டை ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி மெல்ல இழுத்துப் பார்த்தேன். நல்ல இடத்தில் நோட்டு பிடித்துக்கொண்டு வரும், கெட்ட இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நாலு பக்கமும் மூன்று மூன்று இடம். கீழ்ப் பக்கம் மூன்றும் வழுக்கின. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் எரிகிற போனை உள்ளே வைத்துச் சாத்தினேன். அதே இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தது. அப்புறம்தான் ரப்பர் வாங்கப் போனேன். மாடல் நம்பரை எழுதிக்கொண்டு போனேன், கூடவே பழைய ரப்பரைப் பக்கவாட்டில் போட்டோ எடுத்து அதன் அம்பு முனை வடிவத்தையும் காட்டினேன். நீள அகலம் ஒன்றாக இருந்தாலும் முனை வேறாக இருந்தால் பள்ளத்தில் நிற்காது.

புது ரப்பர் பெட்டிக்குள் மடித்து வைத்ததால் ஏகப்பட்ட மடிப்போடு வந்தது. அதை அப்படியே மாட்டியிருந்தால் நானும் மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டிருப்பேன். பெரிய அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி ஊறவைத்து, மொட்டை மாடியில் தரையில் நேராகப் போட்டுக் காயவைத்தேன். மடிப்பு விட்டது. கதவின் பள்ளத்தைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்தேன். அதற்குள் இருந்த கரும்பூஞ்சையைப் பார்த்தபோது இத்தனை நாள் இதற்குள் சோறு வைத்தோமே என்று இருந்தது. நாலு மூலையையும் முதலில் மாட்டிவிட்டு நடுவைக் கடைசியில் அழுத்தினேன். ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டே போனால் கடைசி மூலையில் ரப்பர் இழுத்துக்கொண்டு நிற்கும். கீல் பக்கம் ரப்பர் சுருளாமல் இருக்கக் கொஞ்சம் முகப் பவுடர் தடவினேன். மொத்தம் முக்கால் மணி நேரம்.

குளிர்பெட்டி மெக்கானிக்
நீங்கள் செய்தது சரியான முறை அம்மா. ஆனால் உங்களுடையது அழுத்தி மாட்டுகிற வகை. ஸ்க்ரூ வகையாக இருந்தால் இந்த முக்கால் மணி நேரக் கதையைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். வைகைக்கரை அக்கா ரப்பரின் உள் விளிம்பை விரலால் தூக்கிப் பார்க்கட்டும். ஸ்க்ரூ தலை தெரிந்தால் கை வைக்க வேண்டாம்.

ஈபி கணக்கு
இரண்டு பேரும் பதினோரு வருஷ ஃபிரிட்ஜைக் காப்பாற்றுவது பற்றியே பேசுகிறீர்கள். ரப்பர் கிழிந்திருந்தால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் இரண்டு மடங்காகும். புதிய ஸ்டார் ஃபிரிட்ஜ் வாங்கினால் கரண்ட் மிச்சமாகும். ரப்பருக்கு 750 போட்டு, அடுத்த வருஷம் தெர்மோஸ்டாட், அதற்கடுத்து கேஸ் என்று எதற்குத் தொடர்ந்து செலவழிக்க வேண்டும்?

இயற்பியல் வாத்தியார்
"இரண்டு மடங்கு" என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிழிசல் வழியே நுழைகிற ஈரக் காற்றுதான் ஃப்ரீசரில் ஐஸாக மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவி நிலையிலிருந்து ஐஸாக மாறும்போது சுமார் 2,800 கிலோஜூல் வெப்பத்தை வெளியிடுகிறது. யூனிட் கணக்கில் 0.8. கம்ப்ரசர் தான் எடுக்கிற மின்சாரத்தைவிட அதிக வெப்பத்தை வெளியே தள்ளுவதால், அதற்கு ஆகும் செலவு ஏறத்தாழ அரை யூனிட். வாரம் இரண்டு லிட்டர் ஐஸ் சேர்ந்தாலும் ஒரு யூனிட்தான். ஈரத்தோடு வருகிற காற்றைக் குளிரவைக்கும் செலவும், ஐஸ் போர்வை போல மூடிக் குளிரைத் தடுப்பதால் கூடும் செலவும் தனி. எல்லாம் சேர்த்தும் ஒரு ரப்பர் கிழிசலால் வீட்டு பில் இரட்டிப்பாகாது.

ரப்பரை மாற்றச் சொல்வதற்கு நான் காட்டும் காரணம் பால்தான். சமைத்த சாப்பாடு 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரை நடுத்தட்டில் ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தெர்மாமீட்டரை அதில் விட்டுப் பாருங்கள். 9, 10 என்று காட்டினால் கரண்ட் பில்லைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். வீட்டில் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் இன்னும் சீக்கிரம் செய்ய வேண்டும்.

ஈபி கணக்கு
சரி, இரண்டு மடங்கு என்றது தவறு. ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டிருப்பது சிக்கனம் இல்லை என்பதில் மாற்றம் இல்லை.

இயற்பியல் வாத்தியார்
கம்ப்ரசர் போயிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து சொல்வேன். இங்கே போயிருப்பது ஒரு ரப்பர். பின்னால் கம்ப்ரசர் பக்கத்தில் ஸ்டிக்கரைப் பாருங்கள். பதினோரு வருஷ ஃபிரிட்ஜ் என்றால் அதில் குளிரவைக்கும் வாயுவாக ஆர்-134ஏ இருக்க வாய்ப்பு உண்டு. நூறு வருஷக் கணக்கில் ஒரு கிலோ ஆர்-134ஏ, சுமார் 1,400 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். காயலான் கடையில் குழாயை வெட்டினால் அது நேராகக் காற்றில் போகிறது. ஓடுகிற பெட்டியை 750 ரூபாய் ரப்பருக்காக அங்கே அனுப்புவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

பழைய சாமான்
எதற்கு இத்தனை பேச்சு? எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். கிழிந்த இடத்தை ஃபெவிக்விக் வைத்து ஒட்டிவிட்டு, கதவுக்கும் பெட்டிக்கும் ஸ்க்ரூ போட்டு ஒரு கொக்கி மாட்டிவிட்டேன். இழுத்து மாட்டினால் கதவு அழுந்தி நிற்கிறது. மூன்று வருஷமாக ஓடுகிறது, செலவு 40 ரூபாய்.

குளிர்பெட்டி மெக்கானிக்
ஐயா, தயவுசெய்து இன்றைக்கே அந்தக் கொக்கியைக் கழற்றுங்கள்.

பல மாடல்களில் கதவு மோதுகிற சட்டத்துக்கு உள்ளே சூடான கேஸ் குழாய் சுற்றி ஓடுகிறது. அங்கே வியர்த்துத் துருப்பிடிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். சட்டம் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான், அது கோளாறு இல்லை. அதில் ஸ்க்ரூ இறங்கினால் குழாய் ஓட்டையாகும். இப்போது வருகிற பெட்டிகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ. அது எரியும் வாயு.

மாடிவீட்டுக்காரி
குழாய் தப்பித்தாலும் அந்தக் கொக்கி கூடாது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் கதவுக்குத் தாழ்ப்பாள்தான் இருந்தது. ஒளிந்து விளையாடுகிற குழந்தைகள் உள்ளே போய், கதவு பூட்டிக்கொண்டு, மூச்சு முட்டி இறந்தார்கள். அமெரிக்காவில் அப்படிப்பட்ட சாவுகள் தொடர்ந்ததால்தான் உள்ளிருந்தும் திறக்க முடிகிற கதவுதான் இருக்க வேண்டும் என்று 1956-ல் சட்டமே போட்டார்கள். ரப்பருக்குள் காந்தப் பட்டை வைத்துத் தாழ்ப்பாளை எடுத்தது அதற்குப் பிறகுதான் எங்கும் பரவியது. சின்னப் பிள்ளை உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற அளவுக்கு மட்டும் இழுக்கிற காந்தம் அது. நீங்கள் அந்தத் தாழ்ப்பாளைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் குழந்தை இல்லை என்றாலும், நாளைக்கு அது பழைய பெட்டியாகத் தெருவில் நிற்கும்.

பழைய சாமான்
பேரன் லீவுக்கு வருவான். இப்படி யோசிக்கவே இல்லை. கழற்றிவிடுகிறேன். பசை மட்டும் இருக்கலாமா?

குளிர்பெட்டி மெக்கானிக்
அந்தப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். ரப்பர் மடங்க வேண்டிய இடத்தில் மடங்காமல் பக்கத்திலேயே அடுத்த கிழிசல் விழும். சிலிக்கான் தடவுகிறவர்களும் உண்டு. அதில் பல வகை காய்கிற வரைக்கும் காடி நாற்றம் அடிக்கும், சாப்பாட்டிலும் ஏறும். கிழிந்த ரப்பருக்கு மாற்று ரப்பர்தான். கிழியாமல் சப்பையாகிப் போயிருந்தால் மட்டும் ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சூடுகாட்டி விரலால் இழுத்துவிட்டுப் பார்க்கலாம்.

வைகைக்கரை
எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். உள் விளிம்பைத் தூக்கினால் ஸ்க்ரூ இல்லை, அழுத்தி மாட்டுகிற வகைதான். நோட்டுச் சோதனையில் கீழ்ப் பக்கம் முழுக்கவும், கைப்பிடிப் பக்கம் பாதிவரைக்கும் வழுக்கியது. மெக்கானிக் தம்பி சொன்னபடி புஷ்ஷைப் பார்த்தேன். ஒரு பக்கமாகத் தேய்ந்து முட்டை வடிவத்தில் இருக்கிறது. முன் கால்களும் தரையோடு தரையாக இறங்கியிருந்தன. புஷ் 60 ரூபாய்க்குக் கிடைத்தது. பாட்டில்களை எடுத்துவிட்டு, என் பையன் கதவைத் தாங்கிப் பிடிக்க அதை மாற்றினேன். முன் கால்களை இரண்டு சுற்று உயர்த்தினேன். இப்போது பாதி திறந்துவிட்டால் கதவு தானாகவே போய்ச் சாத்திக்கொள்கிறது.

இன்னும் ரப்பர் மாற்றவில்லை. ஆனால் கைப்பிடிப் பக்கம் நோட்டு பிடிக்கிறது! கிழிந்த மூலையில் மட்டும்தான் வழுக்குகிறது.

குளிர்பெட்டி மெக்கானிக்
முதலில் வந்து பார்த்தவர் இதைச் செய்திருக்க வேண்டும். ரப்பர் மாற்றுங்கள் அக்கா, உங்களால் முடியும். ஸ்க்ரூ வகைக்கு நான் சொன்னது சொன்னதுதான், அதில் மாறமாட்டேன்.

மாடிவீட்டுக்காரி
ஸ்க்ரூ வகையிலும் ஒரு பக்கமாகப் பாதி மட்டும் தளர்த்தி, பழைய ரப்பரை உருவி, புதுசைச் செருகிக்கொண்டே போகலாம் என்கிறார்களே?

குளிர்பெட்டி மெக்கானிக்
நாங்கள் செய்வதும் அப்படித்தான். இறுக்குவதற்கு முன் கதவைச் சாத்தி, நாலு மூலையும் ஒரே மாதிரி உட்காருகிறதா என்று பார்த்து, கதவைக் கையால் லேசாக முறுக்கி நேர்பண்ணிவிட்டு இறுக்குவோம். எவ்வளவு முறுக்கினால் போதும் என்பது செய்து செய்து கைக்குப் பழகுவது. எழுதிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வைகைக்கரை
ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன். வெந்நீர், வெயில், மூலை முதலில், எல்லாம் சொன்னபடியே. மேல் மூலை ஒன்று ஒட்டவில்லை. ஹேர் டிரையர் காட்டி, துணியை மடித்துப் பின்னால் செருகி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் உட்கார்ந்துவிட்டது. கதவைச் சாத்திய கையோடு திரும்பத் திறந்தால் இப்போது இழுத்துப் பிடிக்கிறது. உள்ளே போன சூடான காற்று குளிர்ந்து சுருங்குவதால் அப்படி இழுக்கிறது என்று பையன் சொன்னான். டம்ளர் தண்ணீர் நேற்றுக் காலை 4 டிகிரி. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பன்னிரண்டு இடத்திலும் நோட்டு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில்களை இனி கதவில் வைப்பதில்லை, கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.