ஃபோகஸ் காலை வாரிய ராத்திரிகள்

நாகமலைக்காரன்:
2020 டிசம்பர் 21, வியாழனும் சனியும் ஒட்டி நின்ற சாயங்காலம். ஆறு அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி), புதிதாக வாங்கிய சின்னக் கேமரா, மாடியில் நாற்காலி மேல் லேப்டாப். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் இரண்டும் ஒரே வட்டத்துக்குள் பளிச்சென்று தெரிந்தன. அதைக் கழற்றிக் கேமராவைச் செருகினேன். திரை கறுப்பு. கெயினை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினேன், சாம்பல். சென்சாரோ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. கோள் அதற்குள் விழவே இல்லையா, விழுந்தும் கரைத்த மாவு மாதிரி பரவிக் கிடக்கிறதா என்று புரியாமல் ஃபோகஸ் நாப்பைத் திருகிக்கொண்டே இருந்தேன்.

அப்பா மேலே வந்து மேற்கே பார்த்தார். "வெறுங்கண்ணுக்கே தெரியுதேடா, ஒன் பெட்டிக்கு மட்டும் என்ன கேடு?" என்றார்.

ஏழரைக்கு இரண்டும் மலைக்குப் பின்னால் போய்விட்டன. அப்புறம் நிலாவுக்குத் திருப்பியதும் பத்தே நிமிடத்தில் காரணம் தெரிந்தது. ஐபீஸுக்கு ஃபோகஸ் ஓரிடம், கேமராவுக்கு வேறிடம். நான் அத்தனை நேரமும் எதிர்ப்பக்கம் திருகியிருக்கிறேன். இவ்வளவு நெருக்கம் இனி 2080 மார்ச்சில்தான். எனக்கு இப்போதே நாற்பத்தொன்று.

மாசிவீதி மாடி:
தம்பி, ஃபோகஸைப் பகலிலேயே வைத்துவிட வேண்டும். நானும் ஒரு தடவை இப்படி வியாழனைக் கோட்டைவிட்டவன்தான், அந்தக் கதை வேண்டாம். இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே தெற்குக் கோபுரக் கலசத்தில் ஃபோகஸ் வைத்து, கேமராவை முன்பின் நகர்த்தும் ஃபோகஸர் குழாயில் மார்க்கரால் கோடு போட்டுவிடுகிறேன். ராத்திரி அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. அப்புறம், தளத்தில் ஏழு மணிக்கே கடை விரிக்காதீர்கள். மதுரை வெயிலில் வாங்கிய சூட்டை சிமெண்ட் நடுராத்திரி வரை கக்கும். அந்த அலையில் சனி கொதிக்கிற ரசம் மாதிரி ஆடும், நீங்கள் ஃபோகஸ்தான் சரியில்லை என்று திருகிக்கொண்டே இருப்பீர்கள். தொலைநோக்கியின் கண்ணாடியும் ஒரு மணி நேரமாவது வெளிக்காற்றில் ஆற வேண்டும். சாதாரண யூஎஸ்பி கேபிளை ஐந்து மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், படம் நடுவில் அறுந்துபோகும். லேப்டாப்பில் யூஎஸ்பிக்கான மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டார் ஓடும் நேரத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் ஆட்டும்.

திருநகர் ரிடயர்டு:
மாசிவீதி அண்ணே, கோபுரம் நட்சத்திரம் மாதிரி முடிவிலித் தூரம் ஆகிவிடுமா? உங்கள் மாடியிலிருந்து கலசம் ஐந்நூறு மீட்டர் என்று வையுங்கள். குவியத்தூரம் 750 மி.மீ. என்றால் அங்கே வைத்த ஃபோகஸ் நட்சத்திரத்துக்கான இடத்திலிருந்து 1.1 மி.மீ. தள்ளி நிற்கும். எஃப் 5 தொலைநோக்கியில் (குவியத்தூரம் கண்ணாடி விட்டத்தைப் போல ஐந்து மடங்கு) கூர்மைக்குக் கிடைக்கும் இடமே 0.07 மி.மீ.தான். உங்கள் கோடு கோளைத் திரைக்குள் கொண்டுவர உதவும், அவ்வளவுதான். நாகமலைத் தம்பிக்கு ஒன்று: அன்றைக்கு அரைநிலா உங்கள் தலைக்கு மேலேயே நின்றது. முதலில் அதில் வைத்துவிட்டு மேற்கே திருப்பியிருக்கலாம்.

என் கதை 2025 செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணம். 80 மி.மீ. ரெஃப்ராக்டர் (லென்ஸ் வைத்த தொலைநோக்கி), பின்னால் டிஎஸ்எல்ஆர். ஒன்பது மணிக்குக் கிழக்கே சாய்த்து வைத்து அருமையாக ஃபோகஸ் செய்தேன். பதினொரு மணிக்கு முழுமை தொடங்கும்போது நிலா உச்சிக்கு வந்துகொண்டிருந்தது, குழாய் கிட்டத்தட்ட செங்குத்து. கிரகணம் விடும்வரை சாப்பாடு கிடையாது என்று வீட்டில் சொல்லிவிட்டதால் பசியோடு சுட்டுத் தள்ளினேன். கேமராவின் மூன்று அங்குலத் திரையில் எல்லாமே அழகு. காலையில் கணினியில் போட்டுப் பார்த்தால் செம்புத் தட்டில் யாரோ ஆவி ஊதிய மாதிரி இருந்தது. ஃபோகஸரின் பூட்டுத் திருகை இறுக்கவில்லை. கேமராவின் கனத்துக்குக் குழாய் நூல் நூலாக இறங்கியிருக்கிறது. தேறியது ஒன்பது மணிக்கு எடுத்த சாதாரண முழுநிலா மட்டும். அதற்கு எதற்குப் பட்டினி?

உசிலம்பட்டி டீச்சர்:
எனக்கு ஃபோகஸ் சரியாகவே இருந்தது. வம்பு அதனால்தான்.

2025 ஜனவரியில் செவ்வாய் நெருங்கி வந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டாப்சோனியன் தொலைநோக்கியில் கேமராவை மாட்டிக் காட்டினேன். செவ்வாயின் பக்கத்தில் குட்டியாக ஒரு சிவப்புப் புள்ளி. "டீச்சர், போபோஸ்!" என்று செவ்வாயின் துணைக்கோள் பெயரைச் சொல்லி ஒரு பையன் குதித்தான். இருக்கலாம் என்றேன். மறுநாள் பலகையிலும் எழுதினேன். அன்று ராத்திரி வீடியோவை நிதானமாக ஓட்டினால், செவ்வாய் திரையில் நகர்ந்து போகிறது, புள்ளி அசையாமல் நிற்கிறது. ஹாட் பிக்சல், சென்சாரில் தானாகவே எரியும் புள்ளி. மூடியைப் போட்டு ஒரு படம் எடுத்தேன், அதே இடத்தில் அதே புள்ளி. செவ்வாயின் வெளிச்சத்தில் என் கேமராவுக்குப் போபோஸ் எங்கே தெரியும்? காலையில் போய் முதல் வேலையாகப் பலகையை அழித்தேன். பையனிடம் சொல்லவில்லை. அவன் சயின்ஸ் நோட்டின் அட்டையில் அந்தப் புள்ளியை வரைந்து வைத்திருக்கிறான்.

மாசிவீதி மாடி:
திருநகர் சார் கணக்குப் போட்டால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டோடு நிறுத்துகிறேன் என்று நான் எங்கே சொன்னேன்? சரி, "முடிந்தது" என்று சொல்லியிருக்கிறேன். அது என் தப்பு. கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய பாஹ்டினோவ் மாஸ்க்கை (ஃபோகஸ் பார்க்க உதவும், வரிவரியாகப் பட்டை வெட்டிய மூடி) குழாய் முகத்தில் மாட்டி, திருவாதிரை நட்சத்திரத்தைப் பார்ப்பேன். மூன்று ஒளிக்கோடு வரும். பக்கத்துக் கோடு இரண்டும் குறுக்காக வெட்டுகிற இடத்தில் நடுக்கோடு போய் உட்கார்ந்தால் ஃபோகஸ். பனி இறங்கி அலுமினியக் குழாய் சுருங்கினால் மறுபடி பார்க்க வேண்டும். கிரகணத்தன்று பூட்டுத் திருகை மறந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

நாகமலைக்காரன்:
அரைநிலா விஷயம் இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றவே இல்லை சார். நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

டீச்சர், அந்தப் பையனிடம் சொல்லிவிடுங்கள். அண்ணே, மாஸ்க்கில் பட்டை எத்தனை மி.மீ. அகலம் வைத்தீர்கள்? அக்கா கல்யாணப் பத்திரிகை பீரோவில் இன்னும் ஒரு கட்டு கிடக்கிறது.