விரலால் வாசிப்பவருக்கு எத்தனை சுற்று சரியாக இருக்கும்?

நண்பர்களே, எலக்ட்ரிக் கிட்டாருக்கு நானே சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும், காந்தத்தைச் சுற்றிய ஒற்றைக் கம்பிச்சுருள்) சுற்றத் தொடங்கியிருக்கிறேன், பிரிட்ஜ் பக்கத்துக்குத்தான், அதாவது கிட்டார் உடலில் தந்திகள் தாங்கி நிற்கும் முனைப் பக்கத்துக்கு, உங்கள் யோசனை வேண்டும். நான் பிக் பிடிப்பதில்லை, விரலால் மென்மையாகத்தான் வாசிப்பேன். முதல் காயிலை 42 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கம்பியில் 8000 சுற்று, அல்னிகோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தத்தோடு செய்தேன். மெல்லிய தந்திகள் காதைக் குத்துகின்றன. சுற்றுகளைக் கூட்டினால் இண்டக்டன்ஸ் (மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவு) ஏறி ரெசொனன்ஸ் (காயில் அதிகமாக எடுத்துக்காட்டும் சுருதி உயரம்) கீழே இறங்கும், ட்ரெபிள் அடங்கும், சரி, ஆனால் மெல்லத் தொடும்போது கிடைக்கிற அந்தத் தெளிவும் சேர்ந்து போய்விடுமோ என்றுதான் தயக்கம், எனக்கு அதுதான் உயிர். சுற்றை அப்படியே விட்டுவிட்டு வலு குறைந்த அல்னிகோ 2 காந்தத்துக்கு மாறலாமா, இல்லை 9000 வரை போகலாமா? பிக்கப்பைக் கீழே இறக்கியும் பார்த்தாயிற்று, சத்தம்தான் குறைந்தது. அப்புறம், வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி) 250 கிலோ ஓம். இரண்டையும் சுற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.